பீலிக்கரைக் காசித்தும்பை

பதுளையில் வாப்பாவின் துணிக்கடையில் துணி கிழித்துக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பேராசிரியர் தம் தாவர ஆய்வில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டதற்கு, தமிழும் சிங்களமும் பேசுவேன் என்பதுதான் காரணம். இலை பறித்து, காயவைத்து, உறையில் எண் எழுதி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசைவீடுகளில் இருப்பவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியின் ஓரம், துவைகல்லுக்கு அடியில் கொஞ்சம் காசித்தும்பை நின்றது. மலையில் கிடக்கும் மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. மரபணுக் குறிகளை ஒப்பிட்டதில் அது தனி உபஇனம் என்று வந்தது. வேறு எங்கிருந்து அனுப்பிய இலையிலும் அந்தக் குறிகள் இல்லை.

உடனே பாதுகாப்பு தொடங்கியது. தோட்டத்துத் துரை துவைகல்லையும் சேர்த்துக் கம்பிவேலி அடித்துப் பூட்டினார். மழை அடிக்காமல் மேலே நாலு தகரம். மும்மொழியில் பலகை. வழக்கமாக அங்கே துவைக்கும் கொழுந்தெடுக்கும் அக்கா, வாளியோடு வந்து நின்றார்.

"மிஸ், எங்க காம்பராக் கூரை ஒழுகுது. ரெண்டு வருஷமா தகரம் கேக்குறோம். இதுக்கு ஒரே நாள்ல வந்துருச்சே?"

"இது ரொம்ப அபூர்வமான செடி அக்கா."

"அப்படியா? நாங்க நெறைய பேரு இருக்கோம்னுதான் தரலயாக்கும்."

அவர் மேல் லயத்துப் பீலிக்குத் துவைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் வாரம் செடிகள் சுருண்டன. பேராசிரியர் நிழல்வலை கட்டினார், வெப்பமானி தொங்கவிட்டார். ஒன்றும் பிழைக்கவில்லை. "அற்றுப்போனது என்று எழுதும்மா" என்றார். நான் அழுதே விட்டேன். அந்த வழியாக வந்த அக்கா பதறிப்போனார்.

"யாரு மிஸ் செத்துட்டாங்க?"

"செடி அக்கா. இனி உலகத்துலயே இல்ல."

"அட, பசறையில என் தங்கச்சி வீட்டுல இருக்கே! பொங்கலுக்குப் போனப்ப நான்தான் ஒடிச்சுக் குடுத்தேன்."

மூவரும் பசறை பஸ் ஏறினோம். தங்கை வீட்டு வாசலில், பால்மா டின்னில், அது பூத்துக் குலுங்கியது. படிவத்தில் "இயற்கை வாழிடம்" என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பேராசிரியர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டின் என்றே எழுது" என்றார். குறிகள் அப்படியே பொருந்தி வந்தன.

"அங்க மட்டும் ஏன் செத்துச்சு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"மழைய மறைச்சீங்க. தொவைக்கிற தண்ணியையும் நிறுத்திட்டீங்க. அது எதத்தான் குடிக்கும்?"

வேலியைப் பிடுங்கினோம். தகரங்களை அக்காவின் கணவர் அன்றே தம் கூரைக்கு ஏற்றினார், யாரும் தடுக்கவில்லை. தங்கையிடம் வாங்கிய கிளைகளைக் கல்லடியில் நட்டோம். பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வரியாக, "தினமும் துணி துவைக்கப்பட வேண்டும்" என்று பேராசிரியர் எழுதினார். நான் அதைத் தமிழில் வாசித்துக்காட்டி அக்காவின் ஒப்பம் கேட்டேன்.

அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி யோசித்தார்.

"ஞாயித்துக்கெழமையுமா மிஸ்?"