முதுகில் ஆறு பொத்தான்

கீழ்வீட்டுச் சலவைக்காரி பெலாஜிக்குக் காலையில் முதல் வேலை துணி வெளுப்பதல்ல. மேல்மாடி ஒனேசிமுக்குப் பொத்தான் மாட்டிவிடுவது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கையில்லாச் சட்டையின் ஆறு பொத்தான்களையும் கழுத்திலிருந்து இடுப்புவரை மாட்டுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“ஊர்ல எல்லாருக்கும் பொத்தான் நெஞ்சுல இருக்கு, உங்களுக்கு மட்டும் முதுகுல. ஒரு கல்யாணத்தப் பண்ணித் தொலைச்சிருந்தா என் வேலை மிச்சம், கண்ணாடிக்காரரே.”

“பொண்டாட்டி மாட்டிவிட்டா அது குடித்தனம், பெலாஜி. அடுத்த வீட்டுக்காரி மாட்டிவிட்டாத்தான் அது கொள்கை.”

“உங்க கொள்கையில ரெண்டாவது பொத்தான் ஆடுது. சாயங்காலம் குடுங்க, தைச்சுத் தரேன்.”

ஒனேசிமுக்கு வயது ஐம்பத்தாறு. பிரெஞ்சுத் தலைநகரில் மெனில்மோந்தான் குன்றின் சந்துகளில் கண்ணாடிச் சட்டத்தை முதுகில் சுமந்து, “கண்ணாடீ…” என்று கூவிக்கொண்டு போவார். உடைந்த சன்னலுக்குப் புதுக் கண்ணாடி பதித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அதன் வழியே ஒருமுறை வெளியே பார்க்கவைக்காமல் நகரமாட்டார். மேலெல்லாம் ஆளிவிதை எண்ணெய் வாடை. தூரத்தில் ரயில் புகை தெரிந்தால் நின்றுவிடுவார். “நம்ம பசங்க போட்ட பாதை” என்பார், ஏதோ தானே தண்டவாளம் சுமந்தமாதிரி.

அந்தப் பெருமையில் கொஞ்சம் நியாயமும் உண்டு. முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால், உழைப்பவனே உயர்ந்தவன் என்று சொல்லிவிட்டுக் காலமான சேன் சிமோன் என்ற சிந்தனையாளரின் பேச்சை வேதமாக எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்கள் இதே குன்றில் ஒரு தோட்ட வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். வேலைக்காரர் கிடையாது. வக்கீல் செருப்புத் துடைத்தார், பொறியாளர் மண்வெட்டி பிடித்தார். இன்னொருவன் உதவி இல்லாமல் எவனும் உடுத்தக்கூடாது என்பதற்காகவே சட்டைக்கு முதுகில் பொத்தான் வைத்தார்கள். சில மாதத்தில் போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, வீடு கலைந்தது. கெட்டிக்காரர்கள் வங்கிக்கும் ரயில் கம்பெனிக்கும் போய், முன்பக்கம் பொத்தான் வைத்த கோட்டில் தொந்தி வளர்த்தார்கள். இருபது வயது ஒனேசிம் மட்டும் சட்டையை மாற்றவில்லை. இன்றும் மதுக்கடையில் யாராவது வாய் கொடுத்தால் ஆரம்பித்துவிடுவார்: “அரண்மனை மொத்தமும் நாளைக்கே மண்டையப் போட்டா நாலு நாள் அழுவோம். ரொட்டி சுடறவன் போனா நாலாம் நாள் நாமளே போயிடுவோம்.” கேட்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு சீட்டாட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

பிப்ரவரியில் பெலாஜி மகளோடு இருக்க ரூவான் நகருக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் புதிதாக வந்தவள், ஒனேசிம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினாள். விடியற்காலையில் முன்பின் தெரியாத மனிதர் வந்து முதுகைக் கவனிக்கச் சொன்னால் எவள்தான் திறப்பாள்? முதல்மாடித் தையல்காரர் இரக்கப்பட்டார்.

“அரை மணி வேலைங்க. பொத்தானை முன்னாடி கொண்டாந்துடறேன். காசுகூட வேணாம்.”

“பொத்தான் முன்னாடி வந்துடும். மாட்டிவிட ஆளு வருமா?” என்று கேட்டுவிட்டு ஒனேசிம் படியேறிவிட்டார்.

ஐந்து நாள் முதுகு திறந்தபடியே தெருவில் போனார். கண்ணாடிச் சட்டம் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை. குன்றின்மேல் அடிக்கும் காற்று சட்டைக்குள் நுழையும்போதெல்லாம், இந்தப் பெரிய ஊரில் தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று அவருக்கு உறைத்தது. வேறு யாராவது கிடைப்பார்கள் என்ற நம்பிக்கையும் விட்டுப்போயிற்று.

ஆறாம் நாள் செஃபிரின் இறந்த செய்தி வந்தது. நாற்பது பேரில் ஒருவர். ரயில் கம்பெனியில் பெரிய குமாஸ்தாவாக இருந்தவர். பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒனேசிம் சட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு, இருக்கிற ஒரே கோட்டைப் போட்டு முதுகை மூடிக்கொண்டு நடந்தே போனார்.

பெட்டி இன்னும் மூடப்படவில்லை. உள்ளே செஃபிரின் அதே பழைய கையில்லாச் சட்டையில் கிடந்தார். பொத்தான்கள் நெஞ்சின்மேல் வரிசையாக இருந்தன.

“இதப் போட்டுத்தான் அனுப்பணும்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு” என்றாள் மகள் அர்மாந்தின். “கழுத்துல ஏன் இப்படிப் பிடிக்குதுன்னு தெரியல.”

“முன்னும் பின்னும் மாறிப்போச்சும்மா. திருப்பிப் போடணும்.”

“இப்பவா? மூடப்போறாங்களே. முதுகுல இருந்தா யாரு பாக்கப்போறா?”

“யாரும் பாக்கறதுக்காக அத வைக்கலம்மா. கொஞ்சம் தூக்கிப் பிடி.”

அவள் அழுதுகொண்டே அப்பாவின் தோளைத் தாங்கினாள். ஒனேசிம் சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் கைவிட்டார். முப்பத்தாறு வருடமாக மாட்டச் சொல்லியே பழகிய மனிதருக்கு, இன்னொருவனுக்கு மாட்டிவிட முதல் பொத்தானே சட்டென்று பிடிபடவில்லை. ஆறையும் மாட்டி முடித்து, மெல்லப் படுக்கவைத்து, கழுத்துப் பட்டியை நீவிவிட்டார். அர்மாந்தின் தூக்குகிறவர்களைக் கூப்பிட வெளியே போனாள்.

அந்தத் தோட்ட வீட்டில் ஒருவன் மாட்டி முடித்தால், அடுத்து அவன் முதுகைக் காட்டும் முறை. செஃபிரின் குள்ளம்; கை எட்டாது.

ஒனேசிம் கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகு காட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றார்.