முதலில் தபால் குறியீடு

அந்த அலுவலகத்தில் நான் சேர்ந்த அன்று சொல்லித் தந்த முதல் பாடம், வருகிறவரின் பெயரைக் கேட்கக் கூடாது என்பது. முதலில் தபால் குறியீடு. அது எங்கள் தொகுதிக்குள் விழுந்தால்தான் பெயர், குறை, கண்ணீர் எல்லாம். விழாவிட்டால் அவருடைய தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் யார் என்று பார்த்து, தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கொடுத்து, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொன்ட்ரியாலில் ஒரு டெப்பனருக்கு, அதாவது மூலைப் பலசரக்குக் கடைக்கு, மேல்மாடியில் அலுவலகம். நான் வாசல் மேசைக்காரி.

எங்கள் உறுப்பினர் சீனர், ஆளும் கட்சிக்காரர். தொகுதியில் இருந்த சீனக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தாலியர், ஹெயிட்டியர், பிரெஞ்சுக்காரர், கொஞ்சம் தமிழர் நாங்கள் என்று எல்லாரும் போட்ட வாக்கில்தான் அவர் வென்றார். ஆனால் சனிக்கிழமைகளில் அவர் மக்களைச் சந்திக்கும்போது பாதிக் கதிரைகளில் சீனர்களே இருப்பார்கள். பக்கத்து நகரமான லவாலிலிருந்து பஸ் எடுத்து, மெத்ரோ ரயில் மாறி, பனிச்சேற்றில் சப்பாத்து நனைய வந்திருப்பார்கள். எங்கள் முகச்சாயலில் ஒருவர் ஒட்டாவாப் பாராளுமன்றத்தில் இருக்கிறார், அவர்தான் எங்கள் ஆள் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கைப் பிழை என்று சொல்லி அனுப்புவதுதான் எனக்குச் சம்பளம்.

உறுப்பினர் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான் பேசுவார். ஆனால் இத்தனை வருடம் கழித்து நினைக்கும்போது அவர் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே எழுதிவிடுகிறேன்.

"நான் சீனருக்கு உறுப்பினர் இல்லை, தொகுதிக்கு உறுப்பினர்" என்பார். "லவால் சீனருக்கு இஞ்சை ஒரு கதிரை குடுத்தால், நாளைக்கு இத்தாலிக்காரி கேப்பா, என்ரை கதிரை எங்கை எண்டு. பேந்து எனக்குச் சீனற்றை ஆள் எண்டு பேர் விழும். அதோடை நான் முடிஞ்சுது."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எனக்கும் அதே தலையிடிதான். வேறு தொகுதியான மொன்ட்ரியால்-நோரிலிருந்து தமிழர்கள் என்னைத் தேடி வருவார்கள். அவர்களையும் துண்டு கொடுத்து அனுப்பினேன். அவர்களில் ஒரு அண்ணை, உணவகச் சமையலறையில் வேலை செய்தவர், அனுப்ப அனுப்ப வந்தார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். இவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. குடும்பத்தைக் கூப்பிடத் தேவையான நிரந்தர வதிவிடம்தான் இழுபட்டது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டான் எண்டது உனக்காகத்தான் சொன்னது தங்கச்சி" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

சீனப் புதுவருடம் வந்தால் கதை மாறும். கட்சி அவரை டொரொன்டோவுக்கும் வான்கூவருக்கும் ஏற்றி அனுப்பும். வட்ட மேசை விருந்து, சிங்க ஆட்டம், அமைச்சருக்குப் பக்கத்தில் நிற்க ஒரு சீன முகம். அங்கே யாரும் அவரிடம் தபால் குறியீடு கேட்பதில்லை. இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். "அது கட்சி வேலை" என்று கடிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். சட்டம் செய்வது அமைச்சர்மாரின் வேலை, வாக்குப் போடுவதும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் தன்னுடைய வேலை என்பது அவருடைய நம்பிக்கை. அப்படி நம்பித்தான் அவர் ஓடாய் உழைத்தார். தொகுதிக்குள் ஒரு கிழவியின் ஓய்வூதியம் நின்றுபோனால் அவரே தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்.

அந்த மாரி முடியும் தறுவாயில் வரவுசெலவுத் திட்டம் வந்தது. இனிமேல் நிரந்தர வதிவிடம் பெறும் ஒவ்வொரு பெரியவரும் ஒரு புதுக் கட்டணம் கட்ட வேண்டும். அகதிகளும்தான். செய்தி வந்த நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. சீனர்கள் அதற்கு உடனேயே பெயர் வைத்துவிட்டார்கள்: புதுத் தலைவரி. ஒருகாலத்தில் சீனர்கள் மட்டும் இந்த நாட்டுக்குள் கால் வைக்கத் தலைக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டியிருந்தது. பிறகு கதவையே சாத்திவிட்டார்கள். உறுப்பினரின் தகப்பன் சிறுவயதில் அந்த வரியைக் கட்டி வந்தவர், மொன்ட்ரியாலில் சலவைக் கடை வைத்திருந்தவர். ஊரில் கட்டிய மனைவியைக் கூட்டிவர அவருக்கு வாழ்க்கையின் பாதி போயிற்று. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தேர்தல் துண்டுப் பிரசுரத்திலேயே போட்டிருந்தது.

ஆகவே எல்லாரும் இவர் கதைப்பார் என்று நம்பினார்கள். சீனர்களும் நம்பினார்கள், அந்த அண்ணையும் நம்பினார். "உன்ரை ஆள் கதைக்காட்டி வேறை ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். நானும் நம்பினேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கட்சியின் பூட்டிய அறைக் கூட்டத்தில் அவர் கட்டணத்தை எதிர்த்துக் கதைத்தாராம். அங்கே பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, விதியென்றால் அவருக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒட்டாவாவிலிருந்து நேரே வந்து, குளிரங்கியைக் கழற்றாமல், மக்கள் உட்காரும் கதிரை ஒன்றில் இருந்தார்.

"கட்டணத்தைப் பற்றிச் சபையிலை என்னைக் கதைக்கச் சொல்லுகினம்" என்றார்.

"எதிர்த்தோ?"

"ஆதரிச்சு. ஒரு சீனன் எழும்பி இது தலைவரி இல்லை எண்டு சொன்னால் கதை முடிஞ்சுதாம்."

"ஓமெண்டிட்டீங்களோ?"

"நான் மாட்டன் எண்டால் வேறை ஆரும் கதைப்பினம். வாக்கு எப்பிடியும் அதுக்குத்தான் போடவேணும். நான் கதைச்சால் கொஞ்சம் மரியாதையாய்க் கதைப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது அதுவும் வடிந்துவிட்டது. வேலை முடிந்து நின்றுகொண்டே தூங்கும் ஆளின் முகம். தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. கதவைத் திறந்த கொஞ்ச நேரத்தில் தகப்பன் வந்தார். தேர்தல் இரவில் அவரைப் பார்த்திருக்கிறேன், தொண்ணூறைத் தொட்ட கிழவர். படியேறிய மூச்சு வாங்கலோடு வந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். நான் எழுந்துபோய் உள்ளே கூட்டிப்போகக் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முன்னால் இருந்த ஹெயிட்டிப் பெண்ணைக் காட்டினார். அவளுக்குப் பிறகுதான் தான்.

அவர் முறை வந்தது. என் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, நான் வாய் திறக்குமுன்பே தன் தபால் குறியீட்டைச் சொன்னார், சலவைக் கடை வாடிக்கையாளரிடம் கற்ற பிரெஞ்சில், ஒவ்வொரு எழுத்தாக. சீன வட்டாரத்து முதியோர் விடுதியின் குறியீடு. எங்கள் தொகுதி இல்லை. நான் துண்டு கொடுத்து அனுப்பிய சீனர்களில் எத்தனை பேர் அந்த விடுதியில் போய் அவரிடம் அழுதிருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விதியைத் தெரிந்துகொண்டே வந்து நிற்கிறார்.

"அந்தக் கட்டணத்தைப் பற்றி முறைப்பட வந்தனான்" என்றார். "நான் அதைக் கட்டினவன். ஆரிட்டைச் சொல்லுறது?"

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மகன் வாசலில் நின்றார். அறை முழுக்க ஆட்கள். இத்தாலிக்காரி ஒருத்தி, கொலிஜ் மாணவர்கள் இரண்டு பேர், ஒரு தமிழ்க் குடும்பம், எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஒரு சொல் போதும், அப்பா உள்ளே வாங்கோ என்று. நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். கிழவரும் காத்திருந்தார். மகன் வாயைத் திறந்தார், இத்தாலிக்காரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சற்றே தலையசைத்தார். வழக்கம் போலச் செய் என்று அர்த்தம்.

நான் துண்டை எடுத்து, கிழவருடைய தொகுதி உறுப்பினரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மெர்சி சொன்னார். மகன் குளிரங்கிகூடப் போடாமல் பின்னால் படியிறங்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் தனியாகத் திரும்பி வந்து, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

அடுத்த கிழமை அலுவலகத் தொலைக்காட்சியில் அவருடைய பேச்சைப் பார்த்தேன். அந்த அண்ணையும் வேலைக்குப் போகுமுன் வந்து என் மேசையருகே நின்று பார்த்தார். உறுப்பினர் நன்றாகத்தான் பேசினார். புதிதாக வருகிறவர்கள் இந்த நாட்டுக்குத் தங்கள் பங்கைக் கொடுக்க விரும்புகிறவர்கள் என்றார். பிறகு சொன்னார்: "என் தந்தையும் இந்த நாட்டுக்குள் வரக் கட்டணம் செலுத்தியவர்தான். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை." அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் என்னால் இன்றுவரை யாழ்ப்பாணத் தமிழில் கேட்க முடியவில்லை. சபையில் கைதட்டினார்கள். எங்கள் மேசையருகே அண்ணை தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நல்லாக் கதைக்கிறார்" என்றார். "சரி தங்கச்சி, நான் வாறன்." அதற்குப் பிறகு அவர் அலுவலகப் பக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை உறுப்பினர் வந்தார். நான் கடிதங்களைக் கொண்டுபோய் வைத்தேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, பேச்சு எப்படி என்று கேட்டார்.

"உங்கடை அப்பா முறைப்பட வந்தவர்" என்றேன். "இஞ்சை, என்ரை மேசைக்கு. நான்தான் இலக்கம் எழுதிக் குடுத்தனான், நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

பேனை நின்றது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, களைத்துப்போன குரலில், எனக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியாமல் சொன்னார்:

"அவர் எங்கடை தொகுதி இல்லைத்தானே."

பிறகு அடுத்த கடிதத்தை எடுத்தார்.