இரண்டாவது ரீல்

இதைப் படித்துவிட்டு 'கதை நன்றாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது கதை இல்லை. என் சொந்த அக்காவுக்கு நடந்தது. கரண்ட் போனால்கூட மொட்டை மாடிக்குத் தனியாகப் போய்த் துணி எடுத்து வருகிறவள் அவள். பேய் என்றாலே சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

அக்கா ஒரு பிஸ்கட் ஆலையில் பயிற்சி அதிகாரியாக இருந்தாள். வீடியோ எல்லாம் வராத காலம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, புரொஜெக்டரில் பாதுகாப்புப் படம் காட்டுவாள். கறுப்பு வெள்ளைப் படம். இரண்டு ரீல். முதல் ரீலில் தீ, காலணி, தலைக்கவசம். இரண்டாவதில் ஒரே விஷயம்தான். மாவு பிசையும் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வதற்கு முன்னால் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் முதல் ரீல் முடிந்ததுமே அக்கா விளக்கைப் போட்டுவிட்டாள். அறை அடுப்பு மாதிரிக் கொதித்தது. பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். ரீலை மாற்றச் சோம்பல். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்கினார். நீளக் கழுத்துக்காரர். வந்த அன்றே 'ஒட்டகம்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"படம் முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது. போய் டீ குடிங்க."

அந்த மாதமே ஒட்டகம் தொட்டியைக் கழுவ இறங்கினார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள்.

விசாரணையில், "முழுப் படமும் காட்டினேன்" என்றாள் அக்கா. செத்தவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். வெளியே வராந்தாவில் அவருடைய மனைவி நின்றிருந்தாள்.

"அவருக்குச் சொல்லிக் குடுத்தீங்களாம்மா?"

"குடுத்தேன்."

அந்த ஒரு சொல் அக்காவை விடவே இல்லை. வீட்டில் பிள்ளைகள் எதற்காவது கையைத் தூக்கினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த கூட்டம் வந்தது. பதினோரு பேர். இந்த முறை இரண்டு ரீலையும் காட்டியே தீருவது என்று இருந்தாள். வெளியே பேய்மழை. மத்தியானமே அறை இருட்டிக் கிடந்தது. புரொஜெக்டர் கடகடவென்று ஓடியது.

பாதியில், திரையின் கீழ் ஓரத்தில் ஒரு கையின் நிழல் எழுந்தது.

"கையை இறக்குங்க. மறைக்குது."

"யாரும் தூக்கலையே மேடம்" என்றாள் முன்வரிசையில் இருந்த பெண்.

நிழல் இறங்கவில்லை. ரீல் முடிகிறவரை அப்படியே... ஏதோ கேட்கக் காத்திருப்பது போல.

ரீலின் வால் சடக் சடக்கென்று அடித்தது. அக்கா அலமாரியிலிருந்து இரண்டாவது டப்பாவை எடுத்தாள். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே மாட்டிவிட்டாள்.

படத்தில் தொழிலாளி தொட்டியருகே வந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அக்காவுக்கு இந்தக் காட்சி மனப்பாடம். இப்போது பெட்டியைப் பூட்டுவார். சாவியைக் காட்டுவார்.

அவர் பூட்டவில்லை.

நேராக மூடியைத் திறந்தார். காலை உள்ளே வைத்தார்.

கழுத்து... நீளமாக இருந்தது.

இறங்கினார். விளிம்புக்கு மேலே தலை மட்டும். அது மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது...

அக்கா சுவிட்சை அணைத்தாள்.

கடகட சத்தம் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள்.

நிற்கவில்லை...

"முடியலை" என்றாள் அக்கா. "படம் முடியலை. நான்தான் காட்டலை."

நின்றது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். பிறகு முன்வரிசைப் பெண் கேட்டாள்.

"அந்த ஆளு பூட்டாமலே இறங்கிட்டாரே மேடம். அப்புறம் என்ன ஆச்சு?"

அக்கா சொன்னாள். நடந்ததை நடந்தபடி, பதினோரு பேருக்கும். பிறகு மேனேஜரிடமும் போய்ச் சொன்னாள். வேலை போயிற்று. ஒட்டகத்தின் மேல் போட்ட பழியும் போயிற்று.

அன்று சாயங்காலமே அவருடைய வீட்டுக்குப் போனாள். மனைவி உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நிறுத்தியே கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு முன்னாடியே தெரியும். 'படம் பாதியில நின்ன மாதிரி இருந்துச்சு, கேட்டா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க'ன்னு அன்னிக்கே வந்து சொன்னாரு. நீங்களா வாயைத் திறந்து சொல்வீங்களான்னுதான் வராந்தாவில கேட்டேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் தன் சாமான்களை எடுத்துவர அக்கா ஆலைக்குப் போனாள். பயிற்சி அறையில் ஸ்டோர்காரர் அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. புரொஜெக்டரிலும் ஒன்றும் இல்லை.

"அதுல இருந்த ரீல் எங்கண்ணே?"

"விபத்து நடந்த வாரமே விசாரணைக்கு வந்தவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா. இன்னும் திருப்பித் தரலை" என்றார். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா... நேத்து அந்தப் பதினோரு பேரும் இரண்டாவது ரீல் பார்த்தோம்னு சொல்றாங்களே. எதைப் போட்டீங்க?"