ஏசி போட்டால் ஏறும் முள்

விருமாண்டி லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, தூத்துக்குடி உப்பைப் பாதி ராஜ்ஜியத்துக்குச் சுமந்தவன். "வீட்டுல தங்குற மாதிரி ஒரு வேலை பாருங்க" என்று பொண்டாட்டி ராமக்காள் நச்சரித்ததால்தான் மதுரையில் நல்லகாமனிடம் கார் ஓட்ட வந்தான். நல்லகாமனுக்குக் காளவாசலில் பம்புசெட் கடை. மகள் முத்துத்தாயைத் தேனியில் பெரிய இடத்தில் கட்டிக்கொடுத்த கையோடு, சம்பந்தக்காரர்கள் வீட்டு வாசலில் கௌரவமாகப் போய் இறங்க வேண்டுமென்று, மெட்ராஸில் ஏசி பொருத்திய பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். எண்பத்தாறில் மதுரையில் ஏசிக் காரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விருமாண்டி அதைத் தன் வண்டி மாதிரியே துடைத்துத் துடைத்து வைத்தான். தன் கையில் ஒரு வண்டியும் நடுரோட்டில் நின்றதில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம் பங்குனி வெயிலில் போயிற்று. ஏசி இல்லாமல் ஓட்டினால் வண்டி சமர்த்தாக ஓடியது. ஏசியைப் போட்டதும் கொஞ்ச தூரத்திலேயே சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. அணைத்தால் இறங்கியது. தண்ணீர் குறைந்திருக்கும் என்று ஊற்றிப் பார்த்தான். குறையவில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்த்தான். விறைப்பாக இருந்தது.

வழக்கமாக வண்டி விடும் சிவனாண்டியின் ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னான். சிவனாண்டி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார், வாட்டர் பம்பை மாற்றினார், இன்ஜினை டியூன் செய்தார். முள் ஏறியது. "ரேடியேட்டர் அடைச்சிருக்கும்ப்பா" என்று பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே ரேடியேட்டரை இறக்காமலேயே சோடா உப்புக் கரைசல் ஊற்றி அலசி, உள்ளே தண்ணீர் அருவி மாதிரி ஓடுகிறது என்று காட்டினார்கள். ஓடத்தான் செய்தது. முள்ளும் ஏறத்தான் செய்தது. மறுபடி சிவனாண்டியிடம் போனால், "ஏசி போட்டா ஹீட் ஆகத்தான் செய்யும். போடாத, அம்புட்டுதான்" என்றார்.

கடைசியில் ஜமாலிடம் போனான். ஜமால் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவர். கார் ஏசியும் தெரிந்தவர் ஊரில் அவர்தான்.

"உள்ள குளிருதா?" என்றார்.

"குளிருது பாய். முன்ன மாதிரி இல்ல, ஆனா குளிருது."

"கேஸ் சரியா நிக்கிது. அப்ப என் வேலை சுத்தம். உன் இன்ஜின்ல கோளாறு. சிவனாண்டியப் போய்ப் பாரு."

விருமாண்டிக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி யார் தலையிலாவது போடலாம் போல இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் முத்துத்தாயின் வளைகாப்பு வந்தது. வளையல் போட்டு அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். "ஏசிய வேணாம் மொதலாளி" என்று விருமாண்டி கிளம்பும்போதே சொன்னான். நல்லகாமன் கேட்கவில்லை. தேனியிலிருந்து திரும்பும்போது, சம்பந்தக்காரர்கள் வழியனுப்ப நிற்கையில் கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போடச் சொன்னார். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் முள் கடைசிக்கோட்டைத் தொட்டது. ஏசியை அணைப்பதற்குள் முன்னால் பானெட்டிலிருந்து ஆவி சீறியது.

உச்சி வெயில். பட்டுப் புடவையும் கை நிறைய வளையலுமாக முத்துத்தாய் புளியமரத்தடியில் நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் பிதுங்கிய ஒரு பஸ்ஸில் ஏறினாள். நல்லகாமன் அவளோடு ஏறப் போனவர் திரும்பி வந்து, விருமாண்டியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். "லாரி ஓட்டுன பயகிட்ட காரக் குடுத்தேம் பாரு, என்னயச் சொல்லணும்!"

அவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போனதும் விருமாண்டி இன்ஜின் ஆறும்வரை பாறையில் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தவனிடம், "வேலைய விட்டுத் தொலைங்களேன்" என்றாள் ராமக்காள்.

"விடுறேன். ஆனா என்ன கோளாறுன்னு தெரியாம விட மாட்டேன்."

அதன் பிறகு ஒரு வாரம் நல்லகாமன் அவனோடு பேசவில்லை. ஒருநாள் காலை, மெட்ராஸ் ரயிலில் வரும் கம்பெனிக்காரரை அழைத்து வர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தான். பக்கத்து டாக்ஸிக்காரர் இன்ஜினை ஓடவிட்டு நின்றார். காற்றில் பறந்து வந்த ஜவுளிக்கடை நோட்டீஸ் ஒன்று அந்த டாக்ஸியின் முன்கிரில்லில் பசை தடவியது போல ஒட்டிக்கொண்டது. டாக்ஸிக்காரர் இன்ஜினை நிறுத்தியதும் கீழே விழுந்தது.

விருமாண்டி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே சுழலும் ஃபேன் காற்றை இழுக்கிறது. அதனால்தான் காகிதம் ஒட்டுகிறது. ஓடிப்போய் அதைப் பொறுக்கி, தன் வண்டியை ஸ்டார்ட் செய்து, கிரில்லின் மேல் வைத்துக் கையை எடுத்தான். காகிதம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தான். விழுந்தது. மேல் மூலையில் மட்டும் ஏதோ பேருக்கு ஒட்டியது.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. தண்ணீர் போகும் வழியை எல்லாரும் பார்த்தார்கள். காற்று போகும் வழியை ஒருத்தரும் பார்க்கவில்லை.

கம்பெனிக்காரரை லாட்ஜில் இறக்கிவிட்டு, நேராக ஜமால் கடைக்கு விட்டான். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் இன்னொரு ரேடியேட்டர் போல ஒட்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாது.

"இதக் கழட்டுங்க பாய்."

"லைனப் பிரிச்சா கேஸ் பூராம் போயிரும். உங்க மொதலாளி என்னயக் கொன்னே போட்டுருவாரு."

"பிரிக்க வேணாம். நட்டைக் கழட்டி முன்னால சாய்ங்க. ஒரு சாண் போதும். ஓஸ் குழாய் வளையும்ல?"

"ஓஸ் ஒடைஞ்சா?"

"ஒடைஞ்சா என் தலையில எழுதுங்க. எனக்கு இதைப் பாத்தே ஆகணும். எல்லாருஞ் சேந்து என்னயப் பந்து மாதிரி ஒதைச்சது போதும் பாய்!"

அவன் குரல் தெருவரை கேட்டது. ஜமால் ஸ்பேனரை எடுத்தார். இருவருமாக நட்டுகளைக் கழற்றி, கண்டென்சரைப் பிள்ளையைத் தாங்குவது போலத் தாங்கி முன்னால் சாய்த்தார்கள்.

ரேடியேட்டரின் முகமே தெரியவில்லை. தூசியும் உமியும் எண்ணெயும் கலந்து கம்பளி போல இறுகி மூடியிருந்தது. விருமாண்டி ஒரு பிடி பிய்த்து உள்ளங்கையில் உதிர்த்தான். கொள்ளுப் பொட்டு, கொள்ளடித்தால் பறக்கும் தோலும் தூளும். மாசி மாதம் உசிலம்பட்டி ரோடு நெடுக கொள்ளுச் செடியைப் பரப்பி, வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். தேனிக்குப் போகும்போதும் வரும்போதும் அதன் மேல்தான் ஓட்டியாக வேண்டும். சக்கரத்தில் பறந்ததெல்லாம் முன்னால் நுழைந்து, கண்டென்சரின் அகலமான இடுக்குகளைத் தாண்டி, ரேடியேட்டரின் பொடி இடுக்குகளில் சிக்கிக்கொண்டது. ஏசி இல்லாதபோது மிச்சமிருந்த காற்றே போதுமாக இருந்திருக்கிறது. ஏசியின் சூடும் சேர்ந்ததும் இன்ஜின் தாங்கவில்லை.

பிரஷ்ஷும் தண்ணீருமாகச் சாயங்காலம்வரை கழுவினார்கள். மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தபோது நோட்டீஸ் கிரில்லில் ஒட்டிக்கொண்டது. திருப்பரங்குன்றம்வரை ஏசியோடு ஓட்டிவிட்டு வந்தான். முள் நடுவில் அப்படியே நின்றது.

கடைக்கு ஓடிப்போய் நல்லகாமனிடம் மூச்சு வாங்கச் சொன்னான். ஒரு கொத்துப் பொட்டையும் கொண்டு போயிருந்தான். அவர் அதைப் பார்த்தார்.

"கொள்ளு மேல வண்டிய விட்டது யாரு?"

"ரோடு பூராம் போட்டுருந்தாங்க மொதலாளி, வேற வழியில்ல…"

"ஆக, நீதான். இனிமே ஏசி பக்கம் கைய வைக்காத. பட்டது போதும்."

விருமாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜமாலிடம் போய்ப் புலம்பினான். "வேலைய விட்டுரு மாப்ள" என்றார் அவரும். விடவில்லை. சித்திரையும் வைகாசியும் கண்ணாடியை இறக்கிவிட்டு, அனல்காற்றில் முதலாளியையும் வேகவைத்து, தானும் வெந்தான்.

புரட்டாசியில் முத்துத்தாய் கைக்குழந்தையோடு தேனிக்குக் கிளம்பினாள். மழைக்கு முந்தின புழுக்கம். செக்கானூரணி தாண்டும் முன்பே குழந்தை வேர்வையில் நனைந்துபோய் வீறிட்டது. உசிலம்பட்டியில் விருமாண்டி வண்டியை ஓரங்கட்டினான்.

"பாப்பா, ஏசிய ஒருவாட்டி போட்டுப் பாக்குறேன். சரி பண்ணிட்டேன், உங்கப்பா நம்ப மாட்டேங்குறாரு."

"வேணாம்ண்ணே. பிள்ளையோட என்னால பஸ்ல ஏற முடியாது."

"முன் சீட்டுக்கு வா. முள்ள நீயே பாத்துக்கிரு. ஒரு நூல் ஏறுனாலும் அணைச்சிர்றேன்."

அவள் முன்னால் வந்து உட்கார்ந்து, நம்பிக்கையில்லாமல் கண்ணாடியை ஏற்றினாள். கணவாய் முழுக்க அவள் கண் முள்ளைவிட்டு நகரவில்லை. முள்ளும் நகரவில்லை. உச்சியைத் தாண்டும்போது குழந்தை தூங்கியிருந்தது.

"இதையா எங்கப்பா போடாதங்குறாரு?" என்றாள்.

அவன் இருட்டும் முன் மதுரை திரும்பினான். நல்லகாமன் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏசி போட்டியாமே. தேனியிலிருந்து போன் வந்துச்சு."

"போட்டேன்."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "நாளைக்கு திருமங்கலம் போகணும். எனக்கும் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவ்வளவுதான். 'உன்மேல தப்பில்ல' என்று ஒரு வார்த்தை வருமென்று விருமாண்டி கொஞ்சநேரம் சாவியோடு நின்றான். வரவில்லை. கார்க்கதவை அவன் அறைந்து சாத்திய சத்தம் கடைக்குள் கேட்டிருக்கும்.