ஏகாம்பரம் வைத்த கம்பி

மகாபலிபுரம் வண்டியின் கண்டக்டர் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, என் பஞ்சர் கடைக்கு வந்து, "உங்க ஏகாம்பரம் நேத்து பூட்டாருப்பா" என்றார். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தேன். அழுகை வரவில்லை.

செங்கல்பட்டு பஸ் ஷெட்டில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செத்தவரைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டும் என்பீர்கள். நல்லதும் உண்டு. ஒருமுறை கடற்கரைச் சாலையில் கல்யாண வண்டியின் பின்சக்கரம் வெடித்துவிட்டது. கொதிக்கிற மணலில் மண்டியிட்டு டயரைக் கழற்றியவர், அவசரப்பட்ட மாப்பிள்ளையிடம், "பொண்ணு எங்கயும் ஓடாது மாப்ள, மொதல்ல டயரு ஓடணும். குந்து" என்றார். முகூர்த்தம் தவறிவிடுமோ என்று அழுதுகொண்டிருந்த பெண்வீட்டார்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அன்று ஷெட்டுக்குத் திரும்பியதும் எங்களிடம் கேட்டார்: "பிட்டரு மெக்கானிக்கு ஆவறான், மெக்கானிக்கு போர்மேன் ஆவறான். டயர்காரன் இன்னா ஆவறான்? வயசாயி கெய்வன் ஆவறான்." பிட்டர்களுக்கு மாதச் சம்பளம். டயர் வேலை பார்த்த எங்கள் நால்வருக்கும் தினக்கூலி. காய்ச்சலில் படுத்தால் அதுவும் இல்லை.

வழியையும் அவரே சொன்னார். ஆயுத பூஜையன்று சாமி முன்னால் டயர் கழற்றும் கம்பியை நாங்கள் யாரும் வைக்கக் கூடாது. முதலாளி ஏன் என்று கேட்பார். அப்போது மாதச் சம்பளம் கேட்பது. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். சோறு போடும் கம்பியைச் சாமிக்குக் காட்டாமல் இருப்பது சின்ன விஷயமா? "ஆத்தாகிட்டயே மொறப்பா?" என்று என் மனைவி அழுதாள்.

பூஜையன்று நாங்கள் மூவர் வெறுங்கையோடு நின்றோம். ஸ்பானர்களுக்கு நடுவே ஒரே ஒரு கம்பி, சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. ஏகாம்பரத்தின் கம்பி! முதலாளி அவருக்குத் தாம்பூலத்தோடு வேட்டி கொடுத்து, "இன்னிலேர்ந்து நீதான் டயர் மேஸ்திரி. மாசச் சம்பளம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "இவங்க ஏன் வைக்கலை?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் சொன்னார்: "காத்தடிக்கிற பசங்க மொதலாளி. அவங்களுக்கு இன்னா பூஜ?"

அந்த வாரமே வேலையை விட்டேன். மற்ற இருவரும் இன்றும் தினக்கூலிதான். பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் ஏகாம்பரம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு மேஸ்திரி எடந்தான் இருந்திச்சு. நாலு பேரு எங்க குந்தறது?" என்றார். முதலாளி ஏமாற்றியிருந்தால் பொறுத்திருப்பேன். இவரை நம்பி அல்லவா சாமியையே பகைத்தோம்!

டயர்காரனும் வாய் திறந்து கேட்கலாம் என்று எனக்கு முதலில் சொன்னவர் அவர். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். காரியத்துக்கு வரச் சொல்லி அவர் மகன் ஆள் அனுப்பியிருக்கிறான். நான் போகப் போவதில்லை.