வெயிலுக்குப் பயந்தவர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவஞ்சலியில் அவரைத் தைரியசாலி என்று எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். என்னால் முடியவில்லை. அப்பா வாழ்நாள் முழுவதும் பயந்தார். அந்தப் பயத்தால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு வறண்ட மலையடிவாரத்தில் பிறந்தவர் அவர். அங்கே ஆறு என்பது வெறும் மணல். அதில் ஊற்றுத் தோண்டித்தான் குடிநீர். ஒருவர் குனிந்து நீர் மொள்ளும்போது இன்னொருவர் கரையில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் மலையில் பெய்தால் போதும், இங்கே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே காட்டாறு வந்துவிடும். அப்பா கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நண்பகல், அவருடைய அக்கா, எங்கள் அத்தை, ஊற்றில் இருந்தார். காவல் நின்றவர் அப்பா. மலை கறுத்ததும் கத்தினார். கரையேறிய அத்தை, குடத்தை எடுக்கத் திரும்பினார். அவரை மறுநாள்தான் கண்டெடுத்தார்கள்.

பிறகு ஆசிரியர் பணி கிடைத்துத் தாம்பரம் வந்தார்; முடிச்சூரில் வீடு கட்டினார்; எங்களைப் படிக்கவைத்தார். மழை பெய்தால் அக்கம்பக்கத்தார் தெருவைப் பார்ப்பார்கள். அப்பா மொட்டைமாடியில் வண்டலூர் மலையைப் பார்த்து நிற்பார்.

"அங்கேர்ந்து என்னப்பா வரப்போகுது? ஜூவிலேர்ந்து சிங்கமா?" என்று தம்பி கேலி செய்வான். அப்பா சிரிக்கமாட்டார்.

ஓர் ஐப்பசியில் விடாமல் கொட்டிய மழை நின்று, காலையில் பளீரென்று வெயில் வந்தது. தெருவே துணி உலர்த்தியது. அப்பா மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

"கிளம்புங்க எல்லாரும்."

"மழையே விட்டுடுச்சுப்பா. ஏன் டென்ஷன் ஆகறீங்க?" என்றான் தம்பி.

"விட்டது இங்கதான்டா. மேல விட்டுச்சா?"

வாசலைத் தாண்டியதும் அம்மா, "ஐயோ, குக்கர் அடுப்புல இருக்குங்க" என்று திரும்பினார். அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார், விடவே இல்லை. மேட்டுத் தெருவரை இழுத்துக்கொண்டே ஓடினார். மலைப்பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஏரி உடைத்துக்கொண்டு வந்தது. அப்பா இத்தனை வருடம் பார்த்த திசையே தப்பு. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது வீட்டு ஜன்னல்கள் தண்ணீருக்குள் இருந்தன. அம்மாவின் மணிக்கட்டு பல நாள் கன்றிப்போயிருந்தது.

குரோம்பேட்டை மருத்துவமனையில் கடைசி நாட்களிலும், "மேல மழையா?" என்றே கேட்டார். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்.

அன்று மாடியில் இடம் கொடுத்த மேட்டுத் தெருக் குடும்பத்தாருக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த எங்கள் தெரு அண்ணன்மாருக்கும் எங்கள் நன்றி. ஒரு வேண்டுகோள். நினைவு நாள் மழைக்காலத்தில் வருகிறது. வெயில் அடித்தாலும், சாப்பிட்டதும் எல்லோரும் கிளம்பிவிடுங்கள். மரியாதைக் குறைவாக எண்ண வேண்டாம். இந்த வீட்டில் எங்களுக்காகப் பயப்பட ஒருவர் இருந்தார். இப்போது மாடியில் நான் நிற்கிறேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.