வளைவில் கிடந்த கொப்பு

"கொப்பு இன்னும் கிடக்கிறது. யார் போடுகிறார் என்று தெரியவில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதியிலிருந்து அதன்மேல் வண்டியை ஏற்றிப் போவதென்று ஜீப்காரர்கள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். அதற்குள் நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது."

காந்தலூரில் பூண்டு பயிரிடும் என் நண்பர் மாரியப்பன் எழுதிய கடிதம் இது. தேதி ஜனவரி 18. கொழிஞ்சாம்பாறையில் என் கைக்கு வந்தது 23ஆம் தேதி. 27ஆம் தேதி புறப்பட்டேன்.

கொப்பு என்பது சாதாரண மரக்கிளைதான். எங்கள் பக்கம் வாளையார் சாலையில் லாரி பழுதாகி நின்றால், பின்னால் பத்தடி தள்ளி இலையோடு ஒரு கிளையை ஒடித்துப் போடுவார்கள். லாரி போன பிறகும் கிளை கிடக்கும். நாமும் நாலு நாள் அதைச் சுற்றிக்கொண்டு போவோம், ஒன்றும் கெட்டுவிடாது. மறையூர் காந்தலூர் சாலையில் அப்படியில்லை. வளைவில் யானையைப் பார்த்தவர் நடுச்சாலையில் கொப்பு போட வேண்டும். யானை எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் இலைநுனி இருக்க வேண்டும். அதை எடுப்பதற்கும் முறை உண்டு. யானை விலகிப் போவதைக் கண்ணால் பார்த்தவர் மட்டுமே எடுக்கலாம். பார்க்காமல் கடந்தவர் கைவைக்கக் கூடாது.

சென்ற ஆண்டு மழைக்கு முன்பு, கோவில்கடவு தாண்டிய வளைவொன்றில் பாண்டி என்ற ஜீப் ஓட்டுநர் அப்படியொரு கொப்பை எடுத்துப் போட்டார். யானை மேட்டில் ஏறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். அரைமணி கழித்து அவருடைய அண்ணன் பைக்கில் வந்தார். யானை வளைவிலேயே நின்றது. அண்ணன் இறந்துபோனார். திரும்பி வந்த யானையை யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் சமாதானம் சொன்னது. பாண்டியோடு அவருடைய மதினி, இறந்தவரின் மனைவி ராசாத்தி, அன்றிலிருந்து பேசவில்லை. சில வாரங்கள் கழித்து, அதே வளைவில் தினமும் காலையில் ஒரு புதுக் கொப்பு கிடக்கத் தொடங்கியது. யானையை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

27ஆம் தேதி, காலை 6.10: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்து. அங்கிருந்து உடுமலை, உடுமலையிலிருந்து 9.40க்கு மறையூர் வண்டி. உடுமலை மறையூர் 42 கிலோமீட்டர். கட்டணம் 55 ரூபாய். பக்கத்தில் தக்காளி நாற்று வைத்திருந்த ஒரு உடுமலைக்காரர். சின்னாறு சோதனைச்சாவடி தாண்டியதும் யானைப் படம் போட்ட பலகைகள் வரிசையாக வந்தன.

"ஏனுங்க, ஆனைய எங்காச்சும் பாப்பமுங்களா?" என்றேன்.

"பலகை இருக்கற எடத்துல இருக்காதுங்க. இருபது வருசமா போயிட்டு வர்றேன். அது படிச்சுப்போட்டு வேற எடத்துக்குப் போயிருதுங்க."

பேருந்தின் வேகம் எந்தப் பலகைக்கும் குறையவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

இரவு மறையூரில் தங்கினேன். அறை 600 ரூபாய்.

28ஆம் தேதி, காலை 7.50: காந்தலூருக்கு 15 கிலோமீட்டர். பகிர்வு ஜீப்பில் ஆளுக்கு 50 ரூபாய். வேண்டுமென்றே பாண்டியின் ஜீப்பைத் தேடி முன்சீட்டில் உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் துண்டு, மெதுவான பேச்சு. பூண்டுக்காட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் பின்னால் ஏறினார்கள். கோவில்கடவில் இன்னொரு பெண் கை காட்டினார். பாண்டி நிறுத்திய விதத்திலேயே அது ராசாத்தி என்று எனக்குத் தெரிந்தது. அவர் ஓட்டுநரைப் பார்க்காமல் பின்னால் ஏறினார்.

"என்னக்கா, இன்னைக்கு நடக்கலயா?" என்றாள் ஒருத்தி.

"ராத்திரியெல்லாம் காய்ச்சல். இப்பத்தான் எந்திரிச்சேன். பஸ்ஸும் போயிருச்சு."

8.15: வளைவு. கொப்பு கிடந்தது.

பாண்டி பத்தடிக்கு முன்பே நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பின்னால் பெண்கள் சலித்துக்கொண்டார்கள். "போண்ணே, அது தெனமும் கெடக்குறதுதான. உன் வண்டியில ஏறுனா அரைநாள் சம்பளம் போகுது." ராசாத்தி மட்டும் இறங்கி, கொப்பின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். நானும் போனேன். ஒடித்த இடத்தில் ஈரம் காயவில்லை. அரிவாள் வெட்டு இல்லை. முறுக்கி ஒடித்ததுபோல நார் நாராகப் பிரிந்திருந்தது. இலைநுனி இடப்புறப் புதரைக் காட்டியது.

"இது சந்தனம்" என்றார் ராசாத்தி, என்னிடமில்லை.

முகர்ந்து பார்த்தேன். மணம் இல்லை. பச்சைக் கொப்பில் இருக்காது, வைரம் பாய்ந்த நடுக்கட்டையில்தான் இருக்கும் என்று பின்னாலிருந்த பெண் சொன்னாள். மறையூரில் சந்தனக் கொப்பை யாரும் ஒடிக்க மாட்டார்கள், தொட்டாலே கேசு. மரங்களுக்குக் கம்பிவேலி உண்டு. அந்த வேலி அங்கிருந்து குறைந்தது இரண்டு கிலோமீட்டர் கீழே.

அப்போது பின்னால் இன்னொரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் சேவியர் தலையை நீட்டினார்.

"என்ன பாண்டி, குப்பைக்குக் கும்பிடு போடுறியா? ஒதுங்குடா. ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்குக் காத்துக்கெடக்கணும், இன்னைக்கே ஏத்திருவோம்."

ராசாத்தி சாலையின் நடுவில் போய் நின்றார்.

"இத்தன நாளும் போட்டது நாந்தான்" என்றார். "எங்க வீட்டுக் கொய்யாக் கொப்பு. விடியுமுன்ன நடந்து வந்து போடுவேன். அன்னைக்கு ஒரு கொப்பு கெடந்திருந்தா அந்த மனுசன் நின்னுருப்பாரு. அதான் போட்டேன். இன்னைக்கு நான் வரல. இது நான் போட்டதில்ல."

"நீ சொல்றத எப்படிம்மா நம்புறது? இத்தன மாசமா ஊரையே ஏமாத்திருக்க."

"நம்பாட்டி என்மேல ஏத்திட்டுப் போ."

சேவியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார்.

இரண்டு வண்டிகள், ஒன்பது பேர். இலைநுனி காட்டிய புதரையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்ணிச்செடிப் புதர், அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை. காற்று இல்லை. "அந்தா, காது" என்றாள் ஒருத்தி. உற்றுப் பார்த்தால் தேக்கிலை. கொஞ்ச நேரத்தில் சேவியரின் வண்டியிலிருந்த ஒருவர், பாறை மூச்சுவிடுகிறது என்று மெல்லச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. 8.37க்கு என் குறிப்பேட்டில் "கண்?" என்று எழுதியிருக்கிறேன். எதைப் பார்த்து எழுதினேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தரையில் கிடந்த கிளை இல்லாவிட்டால் அந்தப் புதரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். அது இருந்ததால் புதருக்குள் யானையைத் தவிர வேறொன்றையும் எங்களால் பார்க்க முடியவில்லை.

8.55: மேலேயிருந்து காய்கறி வண்டி ஒன்று இறங்கி வந்தது. வழியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கொப்பை ஒட்டி விலகிப் போனது.

"அவ்வளவுதான?" என்றார் சேவியர். "பாண்டி, எடுத்து ஓரமாப் போடு. கெளம்புவோம்."

பாண்டி இறங்கிப் போய்க் கொப்பின் முன் நின்றார். குனியவில்லை.

ராசாத்தி கேட்டார்: "ஆனை போறத யாரு பாத்தா?"

பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தும் துண்டை இறக்கவில்லை.

"அன்னைக்கும் நான் பாக்கல மதினி" என்றார். "சவாரிக்கு நேரமாச்சுன்னு எடுத்துப் போட்டுட்டேன். பாத்தேன்னு எல்லார்ட்டயும் சொன்னது பொய்."

சேவியர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா" என்றார் ராசாத்தி. "நீ வந்து சொன்னப்பவே உன் மூஞ்சியில தெரிஞ்சுச்சு. நீயா எப்பச் சொல்லுவன்னுதான் இருந்தேன்." பிறகு, "இது கெடக்கட்டும். நாளையிலருந்து நான் போட மாட்டேன். வண்டிய எடு."

இரண்டு ஜீப்புகளும் கொப்பை மிதிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்தில் இறங்கி ஏறின. புதர் என் பக்க ஜன்னலிலிருந்து மூன்றடியில் கடந்தது. அப்போது நான் அதைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

9.30: காந்தலூர். நடந்ததை மாரியப்பனிடம் சொன்னேன். ஒன்றாம் தேதி முடிவை ஜீப்காரர்கள் கைவிட்டுவிட்டதாக, நான் அங்கே இருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. பேசியவர் சேவியர்.

மாலை 3.40: பாண்டியின் ஜீப்பிலேயே திரும்பினேன். வளைவில் கொப்பு இல்லை. இறங்கித் தேடினோம். ஓரத்திலும் புதரிலும் கீழே சரிவிலும் இல்லை. உதிர்ந்த இலைகூட இல்லை. பாண்டி சீக்கிரம் வண்டியில் ஏறிக்கொண்டார். "யாரோ பாத்துருக்காங்க சார்" என்றார். "பாத்தவங்கதான எடுப்பாங்க."

கோவில்கடவு டீக்கடையில் கேட்டேன். ஸ்டாண்டில் இருந்த ஐந்து ஓட்டுநர்களையும் கேட்டேன். சந்தனக் கிளை என்பதால் வனத்துறையினர் எடுத்திருக்கலாம் என்று நினைத்து, பணியில் இருந்த வனக்காவலரிடமும் விசாரித்தேன். அன்று அந்தச் சாலைக்கே தாங்கள் போகவில்லை என்றார். மறுநாள் கிளம்பும்வரை, அதை எடுத்ததாகவோ யானையைப் பார்த்ததாகவோ யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 28ஆம் தேதி அந்தக் கொப்பை அங்கே போட்டது யார், காலை 9 மணிக்கும் மாலை 3.40க்கும் இடையில் எடுத்தது யார் என்பவை இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.